குறி தப்பிய வேட்டைக்காரன்

ஜனவரி 9

காலையில் அக்காவின் சீப்பைக் காணோம். என் பையில் இருந்தது. அதற்கு ஒரு பெரிய சண்டை.

மதியம் பெட்டி செத்துவிட்டது.

பெட்டி என்றால் கோளரங்கத்தின் பெட்டி. கட்டுப்பாட்டு அறையில், மேசைக்கடியில், எங்கள் கால்கள் படும் இடத்தில் இருந்த கணினி. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை, காட்சியில் பேசுவது அக்காவின் வேலை. அக்கா இரண்டாம் காட்சியில் பேசிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர், "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வடக்கு எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். வடக்கு எங்கேயும் போகவில்லை, துருவ நட்சத்திரம்தான் இடம் மாறும் என்று சொல்லிக்கொண்டே அவள் தட்டினாள். குவிமாடத்தில் வானம் நகர ஆரம்பித்தது, நின்றது, அணைந்தது. கருகல் வாசனை. இருட்டில் அரங்கு நிறைய ஆட்கள்.

அக்கா குரல் மாறாமல் சொன்னாள்: "இதுதாங்க மேகமூட்டம்."

ஜனவரி 10

பெட்டியின் வம்ச வரலாற்றை எழுதி வைக்கிறேன். பின்னால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டும்.

வானத்தைக் கணக்கிடும் நிரல் லிஸ்ப் என்ற மொழியில் எழுதியது. எழுதிய இடம் லிஸ்ப் இயந்திரம் – அந்த ஒரு மொழிக்காகவே செய்த கணினி. நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அந்த இனம் பூண்டோடு போய்விட்டது. பிறகு ஒரு புண்ணியவான் எமுலேட்டர் எழுதினார். அதாவது, 'நான்தான் அந்த இயந்திரம்' என்று வேஷம் கட்டும் இன்னொரு நிரல். வான நிரலுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. சொந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

புண்ணியவான் அந்த வேஷத்தை அன்றைய ப்ராசஸரின் அடிமட்ட மொழியிலேயே தைத்துவிட்டார். அந்த ப்ராசஸரை இப்போது யாரும் செய்வதில்லை. புதியதற்கு அந்த மொழியில் ஒரு சொல் புரியாது. உடம்பு மாறிவிட்டது, வேஷத்தைப் பிரித்துத் தைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கட்டளைகள். ஒவ்வொன்றாக.

நான் தைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது மேலாளரிடம். அவரை நானும் அக்காவும் 'ஆனா' என்போம்.

"தாராளமா செய்யுங்கம்மா. ஆனா, படம் ஒண்ணு ரெடியா இருக்கே."

குவிமாடத்தில் ஓட்டும் படம். கனத்த ஆண்குரல் ஒன்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். யாரும் கேள்வி கேட்க முடியாது. யாரும் பதில் சொல்லவும் தேவையில்லை.

"பிப்ரவரி கடைசில வெள்ளோட்டம் வெச்சுக்கலாம். ஓடினா சந்தோஷம். ஆனா, ஓடலைன்னா படம்தான்."

இங்கே பதில் சொல்பவள் அக்கா. அவர் அவளைப் பார்க்காமலே இதைச் சொன்னார். அவள் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 11

ஏன் அப்படிச் சொன்னேன்.

ஜனவரி 15

இந்த இயந்திரத்தில் ஒவ்வொரு துண்டுத் தகவலும் தான் யார் என்பதை நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிறது. நான் எண். நான் பட்டியல். நான் ஒரு பெயர். ஒன்றுமே இல்லை என்பதற்குக்கூட ஒரு நெற்றி எழுத்து உண்டு. எண்ணோடு பெயரைக் கூட்டப் பார்த்தால் இயந்திரம் நின்று, மரியாதையாக, 'இவர் எண் இல்லையே' என்கிறது.

பல்கலைக்கழகத்தில் சுயம் என்பது என்ன என்று வருடக்கணக்கில் படித்தேன். கடைசிப் பரீட்சையில்கூடத் தெளிவாக எழுத முடியவில்லை. இங்கே அது எட்டு பிட்.

பேருந்தில் தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொண்டார்.

ஜனவரி 21

எனக்கு உதவியாக ப்ரொஜெக்டர் மெக்கானிக்கைப் போட்டிருக்கிறார்கள். குவிமாடத்தின் நடுவில் நிற்கும் அந்த நட்சத்திர உருண்டையையும் அதன் மோட்டார்களையும் பார்த்துக்கொள்பவர். பெரிய தாடி. தாடியில் எப்போதும் எங்கேயாவது ஓர் உலோகத் துணுக்கு மினுங்கும்.

"கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாதுங்க மேடம். அது சொல்ற பக்கம் மோட்டார் திரும்பும். திரும்பலைன்னா எண்ணெய் போடுவேன்."

"இதுக்கு எண்ணெய் போட முடியாது."

"போட்டுப் பாத்தீங்களா?"

வீட்டில் சாப்பிடும்போது அக்கா கேட்டாள்: "என்னடி, தட்டைப் பாத்து இளிக்கற?"

"எண்ணெய்."

"அதிகமா இருக்கா?"

"இல்ல. ஒண்ணுமில்ல."

அவள் என் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள். அது அவள் வழக்கமல்ல.

ஜனவரி 30

கூட்டல் ஓடுகிறது. இரண்டும் மூன்றும் ஐந்து என்றது புதிய ப்ராசஸர். பிள்ளை முதல் ரேங்க் வாங்கிய தாய் மாதிரி வாயிற்காவலர் வரை எல்லோரிடமும் சொன்னேன்.

"அஞ்சுதானேம்மா வரணும்?" என்றார் காவலர்.

ஆமாம். அதுதான். அதேதான்.

தாடி சபதம் செய்திருக்கிறார். மொத்தமும் ஓடினால் தாடியை எடுத்துவிடுவாராம்.

"அப்புறம் உங்களை எப்படிக் கூப்பிடறது?"

"நீங்களும் உங்க அக்காவும் என்னை எப்படிக் கூப்பிடறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

காது சுட்டது. கட்டளைகளுக்குத் திரும்பினேன்.

பிப்ரவரி 4

விழித்துக்கொண்டது.

புதிய பெட்டியில், புதிய ப்ராசஸரில், லிஸ்ப் இயந்திரம் கண்ணைத் திறந்து திரையில் தன் பெயரைச் சொன்னது. முதுகைக் காட்டிக்கொண்டு.

ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருந்தது. வரி இடமிருந்து வலமாகச் சரியாகத்தான் ஓடியது. எழுத்து மட்டும் நின்ற இடத்திலேயே திரும்பி நின்றது. லிஸ்ப் என்றாலே பக்கம் முழுக்க அடைப்புக்குறிகள். திறக்க வேண்டியதெல்லாம் மூடியிருந்தது. மூட வேண்டியதெல்லாம் திறந்திருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் விருந்தாளி முகத்தில் கதவைச் சாத்துவதுபோல் தொடங்கி, வாயைப் பிளந்துகொண்டு முடிந்தது.

அழகாக இருந்தது. சொல்லக் கூடாது. இருந்தது.

பிப்ரவரி 6

நேற்றும் இன்று மதியம் வரையும் அடைப்புக்குறியைப் படிக்கும் பகுதியைக் குடைந்துகொண்டிருந்தேன். அங்கேதான் கோளாறு என்று நினைப்பு. ஒன்றும் அகப்படவில்லை.

அக்கா சாப்பாட்டு டப்பாவோடு வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"உன் பிறையெல்லாம் திரும்பி நிக்குதே."

அடைப்புக்குறியை அவள் பிறை என்றுதான் சொல்வாள். காட்சியில் கட்டளை தட்டும்போது தேய்பிறையில் தொடங்கி வளர்பிறையில் முடிக்க வேண்டும் – அவளுக்குத் தெரிந்த லிஸ்ப் இலக்கணம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டே வருடக்கணக்காக வானத்தைச் சுற்றியிருக்கிறாள்.

"இப்போ எல்லாமே வளர்பிறையில ஆரம்பிக்குது. நல்ல சகுனம்தானே. விட்டுடேன்."

"விளையாடாத அக்கா. இது அடைப்பையே தப்பாப் புரிஞ்சுக்குது. படிக்கிற எடத்துலயே கோளாறு."

அவள் ஒற்றை விரலால் தட்டினாள்: தேய்பிறை, கூட்டு, இரண்டு, மூன்று, வளர்பிறை. திரையில் ஐந்து வந்தது. திரும்பி நின்ற ஐந்து.

"புரியலைன்னா பதில் எப்படிடி சரியா வரும்?"

நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இயந்திரத்துக்கு எல்லாம் புரிகிறது. திரைக்குப் புள்ளிகளை அனுப்பும்போதுதான் கடைசிப் புள்ளியை முதலில் அனுப்புகிறது. புதிய ப்ராசஸர் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறது என்பதை நான் மாற்றி நினைத்திருக்கிறேன். ஒரே வரியில் தீரும்.

தீர்க்கவில்லை. இன்று ஒருநாள் இருக்கட்டும். தாடி எங்கேயோ போய் ஒரு பைக் கண்ணாடியைக் கழற்றி வந்து திரைக்கு எதிரே பிடித்தார். எழுத்துகள் நேராயின, வரி வலமிருந்து இடமாக ஓடியது. மூன்று பேரும் கழுத்தைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தோம். ஆனா கதவைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

பிப்ரவரி 7

சரிசெய்தேன். அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

பிப்ரவரி 13

அக்கா வேறு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாளாம். என்னிடம் சொல்லவே இல்லை. வந்திருக்கிறது. வேறு ஊர். ரயில்வேயில் அறிவிப்புக் குரல்.

"மேடையில நின்னு பேசறதில்லடி. ஒரு ரூம்ல ஒக்காந்து பதிவு பண்ணணும். ஒண்ணுலேர்ந்து அறுபது வரைக்கும் எண்ணு. அப்புறம் ஊர்ப் பேரு. அப்புறம் 'தாமதமாக'. மிஷினே ஒட்டிக்குமாம்."

"சொல்லிக் காட்டு."

"தா-ம-த-மாக." ரயில்நிலையமே வந்து கூடத்தில் உட்கார்ந்தது. இருவரும் சிரித்தோம். முதலில் நிறுத்தியது அவள்.

மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"வெள்ளோட்டம் ஆகட்டும், அக்கா."

"ஆகட்டும்" என்றாள். "ஆனா—" என்று நிறுத்தினாள். அவரிடமிருந்து தொற்றிக்கொண்டது.

கேள்வி கேட்க முடியாத இடத்தில் அக்கா. என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்த வீட்டில் சீப்பு ஒழுங்காக ஒரே இடத்தில் இருக்கும். அதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 20

நட்சத்திரங்கள்.

வெளியே உச்சி வெயில். உள்ளே, குவிமாடத்தில், ஒன்று, பிறகு ஒரு பிடி, பிறகு எல்லாம். மோட்டார்கள் முனகின. தாடி தரையில் அப்படியே மல்லாந்துவிட்டார். நானும் நடைபாதையில் படுத்துக்கொண்டேன். துருவ நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்க, வடக்கு வானம் முழுதும் அதைச் சுற்றி வந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று சுற்றவிட்டுக்கொண்டே இருந்தோம். ராட்டினத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் மாதிரி.

செத்த இயந்திரம் ஒன்று, வேஷத்துக்குள் வேஷமாக, தான் சாகவில்லை என்று நினைத்துக்கொண்டு, எங்களுக்கு வானத்தைக் கணக்கிட்டுத் தந்துகொண்டிருந்தது.

"எண்ணெயே போடல" என்றார் தாடி, இருட்டில்.

பிப்ரவரி 26

வெள்ளோட்டம்.

வந்தவர்கள்: அலுவலகத்தார், அவர்கள் குடும்பங்கள், ஆனா, ஆனாவின் மனைவி. அக்கா நீலப் புடவையில். வடக்கு வானம் அற்புதம். ஆயிரம் வருடம் முன்னால் போனோம், வந்தோம். நான் கட்டுப்பாட்டு அறையில் நின்றபடி குதித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆனாவின் மனைவி கேட்டார்: "வேட்டைக்காரனைக் காட்டுங்களேன்."

அக்கா தட்டினாள். வானம் திரும்பியது. நட்சத்திரக் கூட்டமான வேட்டைக்காரன் எழுந்தான்.

குள்ளமாக.

தோள்கள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில். இடுப்பில் பட்டி மாதிரி மூன்று நட்சத்திரம் உண்டே, அது ஏறிப்போய் அக்குளில். கால்கள் அதற்குக் கீழே சுருட்டிக்கொண்டு.

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். பிறகு: "இவர்தாங்க வேட்டைக்காரர். நீங்க கூப்பிட்ட அவசரத்துல பேண்ட்டை நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டுட்டு ஓடி வந்திருக்கார்."

அரங்கம் குலுங்கியது. ஆனாவின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனா சிரிக்கவில்லை.

முடிந்ததும் அறைக்கு வந்தார். "சிரிச்சாங்க. நல்லதுதான். ஆனா, கோளரங்கத்துல வானம் சரியா இருக்கணும்மா."

அவர் சொன்னது நியாயம். அதுதான் வலிக்கிறது.

"வெள்ளிக்கிழமை காலைல ஒரு தடவை பாப்பேன். அதுக்கப்புறம் படத்துக்குக் கையெழுத்து."

என்னாலதான். எல்லாம் என்னாலதான். எத்தனை தடவை சுத்தவிட்டோம், வடக்கையே வாயப் பொளந்து பாத்துட்டுக் கெடந்தோம். ஒரு தடவை – ஒரே ஒரு தடவை தெக்கால திரும்பிப் பாத்திருக்கலாம்ல? அவ வேலை. அவ வாய்க்கு இருக்கற ஒரே எடம். நான் ராட்டினம் சுத்திட்டிருந்தேன்.

அக்கா பேருந்தில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"நெஞ்சு வரைக்கும்டி" என்றாள், மூச்சு வாங்க.

பிப்ரவரி 27

தாடி ஏணி போட்டு ஏறி குவிமாடத்தில் கோணம் அளந்தார்.

"பட்டி, ஆறரை டிகிரிக்குக் கொஞ்சம் கம்மியாத் தூக்கியிருக்கு. முழங்கால், அதே ஆறரைக்குக் கொஞ்சம் கம்மி. பாதமும் அதேதான். மோட்டாருக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது மேடம். இது உங்க ஆளு பண்ணினது."

வானத்தின் நடுக்கோட்டுக்கு மேலே எல்லாம் சரி. கீழே உள்ள எல்லாம், ஒன்றுவிடாமல், ஒரே அளவு மேலே. கோட்டுக்கு மேலே இருப்பவை கூட்டல் எண்கள். கீழே இருப்பவை கழித்தல் எண்கள்.

கழித்தல்.

பழைய இயந்திரத்தின் எண், முப்பத்திரண்டு அறை உள்ள வீடு. கழித்தல் குறியைக் கடைசி அறை வாசலில் மாட்டியிருப்பார்கள். புதிய ப்ராசஸரில் அறுபத்து நான்கு அறை. கடைசி அறை வெகுதூரம். குடிபோகும்போது குறியையும் கையோடு கொண்டுபோய்ப் புதிய கடைசி அறைவரை மாட்ட வேண்டும். எல்லாக் கட்டளைகளிலும் செய்திருந்தேன். வகுத்து மீதி காணும் கட்டளையில் மட்டும் விட்டுவிட்டேன். வான நிரல் ஒவ்வொரு டிகிரியையும் மூவாயிரத்து அறுநூறு கூறாக்கி எண்ணும்; கோணத்தை வட்டத்துக்குள் கொண்டுவர அது நம்பியிருப்பது அந்த ஒன்றைத்தான்.

குறி இல்லாவிட்டால் கழித்தல் ஒன்று என்பது நானூற்று இருபத்தொன்பது கோடியே சொச்சம். அந்தப் பூதத்தை வட்டம் வட்டமாகக் கழித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு நட்சத்திரத்தின் தலையிலும் மிச்சமாக ஏறுவது—

காகிதத்தில் போட்டேன். ஆறரைக்குக் கொஞ்சம் கம்மி.

ஏணியில் இருந்தவரைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் கோணமானியைக் கீழே போட்டார்.

சோதனைகளில் எப்படித் தப்பியது என்று திரும்பிப் பார்த்தேன். மீதிக் கட்டளைக்கு நான் எழுதிய சோதனைகளில் ஒரு கழித்தல் எண்கூட இல்லை. எல்லாம் நேர்மறை. ஜனவரி கடைசியில் எழுதியது. அந்த வாரம் எனக்கு உலகத்தில் கழித்தல் என்று ஒன்று இருப்பதே ஞாபகமில்லை போலிருக்கிறது.

அடைப்புக்குறிக்காக நாள்கணக்கில் குடைந்தேன், அங்கே தவறே இல்லை. கழித்தல் குறி காணாமல் போயிருந்தது, எனக்குத் தெரியவே இல்லை. வேட்டைக்காரனுக்குக் குறி தப்பியது இப்படித்தான்.

பிப்ரவரி 28

காலை. ஆனா தனியாக நடு நாற்காலியில். அக்கா அவர் ஒருவருக்காக முழுக் குரலில் பேசினாள். தெற்கு. கிழக்கிலிருந்து வேட்டைக்காரன் நிமிர்ந்து எழுந்தான். முழு உயரம். பட்டி இடுப்பில்.

ஆனா நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நான் பொறந்த அன்னைக்கு?" என்று கேட்டு ஒரு தேதி சொன்னார். அக்கா தட்டினாள். தேய்பிறை, தேதி, வளர்பிறை. வானம் பின்னால் போய் நின்றது. அவர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சரியா இருக்கு" என்றார்.

காத்திருந்தோம். நான், அக்கா, ப்ரொஜெக்டர் பின்னால் தாடி. மூன்று பேரும், அவர் வழக்கமாகச் சேர்க்கும் அந்த ஒரு சொல்லுக்காக.

அவர் எழுந்து போய்விட்டார். வரவே இல்லை அது.

பிற்பகல் தாடி முகத்தை மழித்துக்கொண்டு வந்தான். கன்னத்தில் ஒரு குழி இருந்திருக்கிறது, இவ்வளவு நாளும்.

"என்ன அப்படிப் பாக்கற?" என்றான்.

பாக்கற. பாக்கறீங்க இல்லை.

மார்ச் 1

அக்கா ரயில்வேக்குப் பதில் அனுப்பினாள். 'தாமதமாகப் பதிலளிப்பதற்கு மன்னிக்கவும்' என்று தொடங்கியதாம். வேலை வேண்டாம் என்பது அடுத்த வரி. முதல் வரியைக் கூடத்தில் நின்று மூன்று முறை அறிவித்தாள்.

மார்ச் 9

கோளரங்கத்தை மறுபடி திறந்துவிட்டோம். இரண்டாம் காட்சி முடிவில் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "பேண்ட்டை மேல ஏத்திக் கட்டினவரைக் காட்ட மாட்டீங்களா?"

ஆனாவின் மனைவி ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 18

அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தினம் மூன்று காட்சி, சனி ஞாயிறு நான்கு. வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிழித்த நுழைவுச்சீட்டுகளின் பின்பக்கம் எழுதி நீட்டுகிறாள். 'தண்ணி.' 'ஃபேன்.' 'ரேடியோவைக் குறை, செவிடி.'

ஒவ்வொரு காட்சிக்கும் முடிவில் குள்ளனைக் கேட்கிறார்கள். அதற்கென்று தனியாக ஒரு கட்டளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் தன் இரண்டு பிறைக்கு நடுவே அதைத் தட்டினால் குறி விழும். வேட்டைக்காரன் பேண்ட்டை இழுத்துக்கொள்வான். சிரிப்பு அடங்கியதும் இன்னொரு தடவை தட்டுவாள். குறி திரும்பிவிடும், அவன் நிமிர்ந்துவிடுவான். என் தவறு ஒன்றைக் கூப்பிட்டால் வரும்படி பழக்கியிருக்கிறேன்.

சாயங்காலம் அழைப்பு மணி. அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து ஒரு சீட்டை நீட்டினாள்: 'தாடி. தலையைச் சீவிட்டுப் போ.'

உடனே இன்னொரு சீட்டு: 'என் சீப்பு எங்கே?'

என் பையில் இருந்தது. சண்டை போட அவளுக்குக் குரல் இல்லை. மூன்றாவது சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.